சமாதானத்தின் விலை பெண்! சமாதான சபையில் மட்டும் அவளுக்கு இடமில்லையா?



ஒல்லியான ஒரு பையன் தெருவில் நடந்து போனால் நாம் என்ன சொல்கிறோம்? "என்னடா, சோமாலியாவிலிருந்து வர்றியா?" என்று கேட்டுச் சிரிக்கிறோம். சினிமாக்காரன் சொன்னான், பத்திரிகைக்காரன் எழுதினான், நாமும் சொல்கிறோம். ஏறத்தாழ நூற்றுக்கு நூறு பேரும் கலிமா சொன்ன ஒரு தேசத்தின் பெயர் நம் தெருவில் கேலிச் சொல்லாகிவிட்டது. அது நமக்கு உறைக்கவுமில்லை!

சோமாலியா என்றதும் உங்கள் கண்முன் வருவது என்ன? எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை. அதை மடியில் போட்டுக்கொண்டு, முக்காட்டுக்குள் கண்ணீர் வற்றிப் போன ஒரு தாய். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதே படத்தைத்தான் மேலைநாட்டுப் பத்திரிகைகள் விற்றுக்கொண்டிருக்கின்றன. அந்தத் தாய் பேசுவாள் என்றோ, பேசினாள் என்றோ, அவள் பேச்சைக் கேட்டுத் துப்பாக்கிக்காரன் கையெழுத்துப் போட்டான் என்றோ எவனாவது உங்களுக்குச் சொன்னானா?

சொல்ல மாட்டான். நாம் சொல்வோம்.

துப்பாக்கி இருந்தால் நாற்காலி!

1991 ஜனவரியில் சர்வாதிகாரி சியாத் பர்ரே தலைநகர் மொகடிஷுவை விட்டு ஓடினார். இருபத்தொரு ஆண்டுகள் ஆண்டவர், ஓடும்போது ஒரு நாட்டை விட்டுச் செல்லவில்லை. கோத்திரம் கோத்திரமாகப் பிரிந்து நின்ற ஆயுதக் கும்பல்களைத்தான் விட்டுச் சென்றார். ஒரே மொழி, ஒரே மார்க்கம், ஒரே கிப்லா. ஆனாலும் தாரோத் என்றும் ஹாவியே என்றும், ஹாவியேக்குள்ளேயே இன்ன கிளை என்றும் சொல்லி ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தார்கள். தலைநகரின் குறுக்கே கோடு போட்டு, வடக்கை அலி மஹ்தியும் தெற்கை ஐதீதும் பங்கு போட்டுக்கொண்டார்கள். போருக்குப் பின்னால் பஞ்சம் வந்தது.

1992 டிசம்பரில் அமெரிக்கப் படை வந்து இறங்கியது. படை கரையேறுவதற்கு முன்பே டெலிவிஷன் கேமராக்கள் கடற்கரையில் காத்திருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! 1993 அக்டோபரில் மொகடிஷு சண்டையில் பதினெட்டு அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். அதை வைத்துப் பின்னாளில் சினிமாவே எடுத்துவிட்டார்கள். அதே சண்டையில் நூற்றுக்கணக்கில் செத்த சோமாலியர்களுக்கு அந்தப் படத்தில் முகம்கூட இல்லை. 1994ல் அமெரிக்கா மூட்டை கட்டியது. 1995 மார்ச்சில் ஐ.நா. படையும் போனது.

இதற்கு நடுவே 'சமாதான மாநாடு' என்று ஒன்றன்பின் ஒன்றாக நடத்தினார்கள். யாரை அழைத்தார்கள்? 1993 மார்ச்சில் அடிஸ் அபாபாவில் நடந்த மாநாட்டில் கையெழுத்திட்டவை பதினைந்து ஆயுதக் குழுக்கள். ஊரைக் கொளுத்தியவர்களுக்கு விமான டிக்கெட், ஓட்டல் அறை, மேசையில் பெயர்ப் பலகை எல்லாம் கிடைத்தன. எரிந்த வீட்டில் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தவளுக்கு அழைப்பே இல்லை.

வியாபாரிகளான உங்களுக்கு இது சுலபமாக விளங்கும். எந்தச் சரக்குக்கு விலை கொடுக்கிறாயோ அந்தச் சரக்குதான் சந்தைக்கு வரும். துப்பாக்கி வைத்திருந்தால் நாற்காலி கிடைக்கும் என்று உலகமே அறிவித்தது. பிறகு குழுக்கள் பெருகாமல் என்ன செய்யும்? பத்து இளைஞர்களையும் ஒரு ஜீப்பையும் சேர்த்துக்கொண்டவன் அடுத்த மாநாட்டில் 'தலைவர்' ஆனான்!

அந்த அடிஸ் அபாபாவுக்கும் பெண்கள் போகத்தான் செய்தார்கள். ஆண்கள் உடன்பாட்டுக்கு வராமல் இழுத்தடித்தபோது எல்லோருக்கும் தெரிய பட்டினி கிடந்து நெருக்கடி கொடுத்தார்கள். பதினெட்டு மாகாணங்களிலிருந்தும் தலா மூன்று பிரதிநிதிகள், அதில் ஒருவர் பெண் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. எழுதியதோடு சரி. கையெழுத்திட்ட மை காயும் முன்பே தலைவர்கள் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

இரண்டு வீட்டுக்கும் உரியவள், எந்த வீட்டுக்கும் ஆகாதவள்

சோமாலியக் கோத்திர முறையைச் சற்று விளங்கிக்கொண்டால்தான் இந்தப் பெண்கள் செய்ததன் கனம் புரியும்.

கோத்திரம் தந்தை வழி. ஒருத்தி பிறப்பது வாப்பாவின் கோத்திரத்தில். நிகாஹ் செய்து போவது பெரும்பாலும் வேறு கிளைக்கு. அவள் பெறும் பிள்ளைகள் கணவனின் கோத்திரம். சண்டை மூண்டால் ஒரு பக்கம் அவள் வாப்பாவும் அண்ணன் தம்பிகளும், மறுபக்கம் அவள் கணவனும் மகன்களும். யார் செத்தாலும் அவள் வீட்டு ஜனாஸாதான்!

ஆனால் ஒன்று. இரண்டு பக்கமும் உறவு இருப்பதால், ஆண் போனால் சுட்டுவிடும் இடத்துக்கு அவள் போய் வர முடியும். மோதிக்கொண்ட இரு கூட்டத்துக்கும் இடையே முதல் செய்தியைக் கொண்டு போகிறவள் அவளாகவே இருந்தாள். இது அங்கே காலங்காலமாக இருந்து வந்த வழக்கம். எந்த வெளிநாட்டு நிபுணரும் வந்து பயிற்சி முகாம் நடத்திக் கற்றுக்கொடுத்ததல்ல.

சரி, தூது போனவள் சபையில் உட்காரலாமா? கூடாது! மரத்தடியில் கூடும் கோத்திர சபை ஆண்களுக்கே உரியது. கொலைக்கு ஈடாக ஆணுக்கு நூறு ஒட்டகம், பெண்ணுக்கு ஐம்பது என்று அங்கே தீர்ப்பாகும். சில நேரம் ஒட்டகத்தோடு ஒரு பெண்ணையும் எதிர்க் கோத்திரத்துக்கு மணமுடித்துக் கொடுத்துப் பகையைத் தீர்ப்பார்கள். அவளிடம் யார் சம்மதம் கேட்டது? சம்மதமில்லாத நிகாஹை மார்க்கம் ஒப்புக்கொள்கிறதா?

சகோதரனே, நிதானித்துப் பார். சமாதானத்துக்கு விலையாக அவளைக் கொடுக்கலாம். அந்தச் சமாதானத்தைப் பேசும் இடத்தில் மட்டும் அவள் உட்காரக் கூடாது. இது என்ன நியாயம்?

ஆறாவது கோத்திரம்

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் ஆஷா ஹாஜி எல்மி. 1992ல், குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, பல கோத்திரத்துப் பெண்களைச் சேர்த்து, பெண்களையும் குழந்தைகளையும் காப்பதற்கென்று மொகடிஷுவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இவர் பிறந்தது ஒரு கோத்திரம், வாழ்க்கைப்பட்டது இன்னொன்று. இரண்டும் எதிரெதிர் அணியில். பிறந்த வீட்டார் இவரை எதிரியின் மனைவியாகப் பார்த்தார்கள். புகுந்த வீட்டார் எதிரியின் மகளாகப் பார்த்தார்கள்.

2000ஆம் ஆண்டு அண்டை நாடான ஜிபூத்தியின் ஆர்தா நகரில் மாநாடு கூடியது. இம்முறை ஆயுதத் தலைவர்களை நடுவில் வைக்காமல் கோத்திரப் பெரியவர்களையும் உலமாக்களையும் மற்ற பிரமுகர்களையும் அழைத்தார்கள். முன்னேற்றம்தான். ஆனால் இடப் பங்கீட்டில் வந்து நின்ற கணக்கைப் பாருங்கள். நான்கு பெரிய கோத்திரங்களுக்குச் சமபங்கு. மீதமுள்ள எல்லாச் சிறு கூட்டங்களுக்கும் சேர்த்து அரைப் பங்கு. இந்த 'நாலரை'க் கணக்குதான் இன்றுவரை சோமாலிய அரசியலின் வாய்ப்பாடு.

பெண்கள் எங்கே? எந்தக் கோத்திரமும் தன் பங்கில் ஒரு பெண்ணுக்கு இடம் தரத் தயாராக இல்லை. "உன்னை நிறுத்தினால் நீ வாப்பா பக்கமா, கணவன் பக்கமா?" என்ற சந்தேகம் வேறு!

அப்போதுதான் ஆஷாவும் அவருடன் வந்த பெண்களும் சொன்னார்கள்: நீங்கள் ஐந்து தரப்பாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நாங்கள் ஆறாவது கோத்திரம். எங்கள் கோத்திரத்தின் பெயர் பெண்.

சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் பலித்தது. இருநூற்று நாற்பத்தைந்து பேர் கொண்ட இடைக்கால நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு 25 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆஷாவும் உறுப்பினரானார். பிறகு கென்யாவில் 2002 அக்டோபரில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் நீண்ட அடுத்த மாநாட்டிலும் இந்த ஆறாவது கோத்திரம் தன் நாற்காலியை விட்டுக்கொடுக்கவில்லை. 2004 ஜனவரி 29ல் நைரோபியில் உருவான உடன்பாட்டில் ஆஷாவின் கையெழுத்து இருக்கிறது. சோமாலிய சமாதான ஒப்பந்தம் ஒன்றில் ஒரு பெண் இட்ட முதல் கையெழுத்து அது!

இங்கே ஒரு தேதிக் கணக்கையும் கவனியுங்கள். போர், சமாதானம் தொடர்பான பேச்சுகளில் பெண்களுக்கும் பங்கு வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை தன் 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது 2000 அக்டோபர் 31ல். ஆர்தாவில் பெண்கள் இடம் பெற்றது அதே ஆண்டு ஆகஸ்டுக்குள். 'முஸ்லிம் பெண்ணுக்கு உரிமையை நாங்கள்தான் கற்றுக்கொடுக்கிறோம்' என்று மேடை போட்டுப் பேசுகிற மேதாவிகள் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இந்தப் பெண்கள் எந்தத் தீர்மானத்துக்காகவும் காத்திருக்கவில்லை.

கடைவீதியில் பிறந்த சமாதானம்

கோத்திரக் கணக்கு நாடாளுமன்றத்தில் மட்டுமல்ல, கடைவீதியிலும் புகுந்தது. போரில் ஆண்கள் செத்தார்கள், ஓடினார்கள், அல்லது ஆயுதத்தோடு அலைந்தார்கள். அடுப்பு எரிய வேண்டுமே! பெண்கள் பால் விற்றார்கள், துணி விற்றார்கள், தேநீர்க் கடை போட்டார்கள். மொகடிஷுவைப் பிரித்த அந்தக் கோட்டை ஆண்கள் தாண்ட அஞ்சியபோது, சரக்குக் கூடையோடு தாண்டிப் போய் வந்தவர்கள் பெண் வியாபாரிகள்.

எல்லைக்கு அப்பால், கென்யாவின் வட கிழக்கில் வஜீர் என்றொரு ஊர். கென்ய மண்தான், ஆனால் வாழ்வது அதே சோமாலியர்கள், அதே கோத்திரங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கேயும் சண்டை பரவியது. சந்தையில் ஒரு கோத்திரத்துப் பெண் இன்னொரு கோத்திரத்துப் பெண்ணிடம் பால் வாங்க மாட்டாள், விற்க மாட்டாள். கைகலப்புகூட நடந்தது. இன்ன ஜாதிக்காரன் கடையில் வாங்காதே, இன்ன மதத்துக்காரன் கடைக்குப் போகாதே என்ற பிரச்சாரம் என்ன செய்யும் என்று நம் வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தெகா இப்ராஹிம் அப்தி என்ற பெண்ணும் அவருடைய தோழிகள் சிலரும் சந்தையிலிருந்தே தொடங்கினார்கள். யாரும் யாரிடமும் வாங்கலாம், விற்கலாம் என்பது முதல் விதி. அதை மீறினால் விசாரிக்கச் சந்தைக்குள்ளேயே பெண்கள் குழு. சந்தை அமைதியானதும் கோத்திரப் பெரியவர்களிடம் போனார்கள். பிறகு இளைஞர்களிடம், பிறகு அதிகாரிகளிடம். பெரியவர்கள் கூடி சமாதானப் பிரகடனம் செய்தார்கள். 1995ல் இவர்கள் எல்லோரையும் ஒன்றாக்கிய மாவட்ட சமாதானக் குழு உருவானது. கென்யாவின் மற்ற மாவட்டங்களுக்கு அது முன்மாதிரியானது. பின்னாளில் தெகா உலகமெங்கும் போய் சமரசம் பேசக் கற்றுக்கொடுத்தார். 2011ல் சாலை விபத்தில் சிக்கி மௌத்தானார். நம் பத்திரிகைகளில் எத்தனை அதை எழுதின?

நாடாளுமன்றத்தில் கிடைத்த இருபத்தைந்து நாற்காலிகளைவிட இந்தச் சந்தை விதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனென்றால் அதைக் காக்க வெளிநாட்டுப் பணமோ ஐ.நா. படையோ வேண்டியிருக்கவில்லை.

டாக்டரம்மாவின் முற்றத்தில்...

மொகடிஷுவிலிருந்து சிறிது தூரத்தில், அஃப்கோயி செல்லும் வழியில் லஃபோலே. அங்கே தன் குடும்ப நிலத்தில் 1983ல் ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார் டாக்டர் ஹவா அப்தி. சோமாலியாவின் முதல் பெண் மகப்பேறு மருத்துவர். போர் வந்ததும் உயிருக்கு ஓடியவர்கள் அவர் நிலத்தில் வந்து ஒதுங்கினார்கள். நூறு, ஆயிரம் என்று ஏறி, ஒரு காலத்தில் தொண்ணூறாயிரம் பேர் வரை அங்கே இருந்தார்கள். ஒரு நகரமே ஒரு பெண்ணின் முற்றத்தில்!

உள்ளே வருகிறவர்களுக்கு இரண்டே நிபந்தனை. ஒன்று, நான் இன்ன கோத்திரம் என்று சொல்லக் கூடாது. இரண்டு, எந்த ஆணும் மனைவியை அடிக்கக் கூடாது. அடித்தவனைப் பூட்டி வைக்க ஓர் அறையும் தயாராக இருந்தது. அரசு இல்லாத நாட்டில் சட்டம் இருந்த இடம் அதுதான்.

2010 மே மாதம் 'ஹிஸ்புல் இஸ்லாம்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஆயுதக் குழு நூற்றுக்கணக்கில் வந்து அந்த மருத்துவமனையைச் சூழ்ந்தது. பெண் ஒருத்தி இவ்வளவு பெரிய இடத்தை நடத்துவதா, எங்களிடம் ஒப்படை என்றார்கள். மருத்துவக் கருவிகளை உடைத்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மையாரைப் பிடித்து வைத்தார்கள். இந்தச் சமுதாயத்துக்கு நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று அவர் அவர்களையே திருப்பிக் கேட்டார். முகாமிலிருந்த பெண்கள் திரண்டார்கள். உலகெங்குமுள்ள சோமாலியர்கள் கொதித்தார்கள். கடைசியில் அந்தக் கும்பல் பின்வாங்கியது. அத்தோடு டாக்டரம்மா விட்டாரா? எழுத்தில் மன்னிப்புக் கேள் என்றார். கேட்டார்கள்!

இஸ்லாத்தின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு பிரசவ வார்டை உடைத்தவர்கள் எந்த நபியின் உம்மத்? 2020 ஆகஸ்டில் ஹவா அப்தி காலமானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக.

"பெண்ணுக்கு அங்கே என்ன வேலை?"

இதைப் படிக்கும்போதே சில சகோதரர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். ஊர் விவகாரம் பேசும் இடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்பார்கள். அவர்களை ஹுதைபிய்யாவுக்கு அழைத்துப் போகிறேன்.

ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு. மக்காவாசிகளோடு உடன்படிக்கை ஆகிவிட்டது. உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும். ஸஹாபாக்களின் நெஞ்சு கனத்துப் போயிருந்தது. பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொல்லியும் ஒருவர்கூட எழவில்லை. நபியவர்கள் கூடாரத்துக்குள் வந்து தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நடந்ததைச் சொன்னார்கள். அந்த அம்மையார் தந்த யோசனை, யாரிடமும் பேசாமல் வெளியே சென்று முதலில் நீங்கள் உங்கள் பிராணியை அறுத்து முடி களையுங்கள் என்பது. நபியவர்கள் அப்படியே செய்தார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்தது. இஸ்லாமிய வரலாற்றின் மிகப் பெரிய சமாதான உடன்படிக்கை குலையாமல் நின்ற அந்த நேரத்தில் யோசனை சொன்னது யார்? முகம் சுளிக்கும் சகோதரர் பதில் சொல்லட்டும்!

இன்னொரு தரப்பும் இருக்கிறது. பெண் என்றாலே சமாதானப் புறா என்று பாடுகிறவர்கள். அதுவும் பொய்தான். சோமாலியப் பெண்களின் கவிதைக்கென்று தனி வடிவமே உண்டு, புரான்புர் என்பார்கள். சமாதானத்தை வேண்டி ஆர்தாவில் அதைப் பாடினார்கள். அதே புரான்புரில் பழிவாங்கச் சொல்லி ஆண்களைத் தூண்டியவர்களும் உண்டு. தன் கோத்திரத்துப் போராளிகளுக்காக நகையைக் கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. பெண்கள் புனிதவதிகள், அதனால் இடம் கொடு என்று ஆஷா கேட்கவில்லை. போரின் செலவை நாங்கள் கட்டுகிறோம், கணக்குப் பார்க்கும் இடத்தில் எங்களுக்கும் உட்கார உரிமை உண்டு என்பதுதான் அந்த வாதம். எந்தப் பங்காளி இதை மறுக்க முடியும்?

தாளில் முப்பது, சபையில் இருபது

சரி, கதை சுபமாக முடிந்ததா? எங்கே முடிந்தது!

2004ல் 275 இடங்களில் 12 சதவீதம் பெண்களுக்கு என்று எழுதினார்கள், நிரப்பவில்லை. பின்னர் 30 சதவீதம் என்றார்கள். 2016 தேர்தலில் 24 சதவீதம் வரை ஏறியது. 2022ல் முடிந்த தேர்தலில் ஏறத்தாழ 20 சதவீதமாக இறங்கிவிட்டது. வேட்பாளர் கட்டணத்தைப் பெண்களுக்குப் பாதியாகக் குறைத்தும் இந்தக் கதி. காரணம் ஒளிவுமறைவில்லாதது. மக்கள் நேரடியாக ஓட்டுப் போடும் தேர்தல் அல்ல அது. ஒவ்வொரு இடத்துக்கும் நூற்றொரு பேர் ஓட்டளிப்பார்கள். அந்த நூற்றொரு பேரைப் பொறுக்குவதில் முதல் சொல் கோத்திரப் பெரியவர்களுக்கு. அவர்களுக்குப் பின்னால் மாநில ஆட்சியாளர்களின் கை, பணத்தின் கை. ஆறாவது கோத்திரத்துக்குப் பெயர் கிடைத்ததே தவிர, தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கிடைக்கவில்லை. பெண் உறுப்பினரும் கோத்திரப் பெரியவரின் தயவில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மாநாடுகளுக்குப் படியளந்த வெளிநாடுகள் இதைக் கேட்டனவா? அறிக்கையில் கேட்டன. ஒவ்வொரு ஆண்டும் 1325க்கு விழா எடுக்கும் அவர்கள், வாக்கு தவறிய எந்தத் தலைவரையும் மாநாட்டு மேசையிலிருந்து எழுப்பியதாக நான் படித்ததில்லை.

உயிர் வேறு போகிறது. மொகடிஷுவில் சமாதானத்துக்காகப் பாடுபட்ட எல்மான் அலி அஹ்மத் 1996ல் கொல்லப்பட்டார். அவர் மனைவி ஃபர்தூன் ஆதான் கனடாவிலிருந்து திரும்பி வந்து, ஆயுதம் ஏந்திய சிறுவர்களை மீட்கும் பணியைத் தன் மகள்களோடு தொடர்ந்தார். 2019 நவம்பரில் மகள் அல்மாஸ் மொகடிஷுவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கணவனையும் மகளையும் ஒரே நகரத்துக்குக் கொடுத்த பின்பும் அந்தத் தாய் அந்த வேலையை விடவில்லை.

2021ல் உளவுத் துறையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் காணாமல் போனார். அவர் எங்கே, அவர் கதிக்கு யார் பொறுப்பு என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஆமினா முஹம்மத் அப்தி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்சியிலிருந்தவர்களின் பெயரைச் சொல்லியே கேட்டார். 2022 மார்ச்சில் தன் இடத்துக்காக மீண்டும் போட்டியிட பெலெத்வெய்ன் நகரத்துக்குப் போனார். மார்ச் 23 அன்று தற்கொலைத் தாக்குதலில் அங்கே கொல்லப்பட்டார். அல்ஷபாப் பொறுப்பேற்றது. காயம்பட்டவர்களைக் கொண்டு சென்ற மருத்துவமனையின் வாசலிலும் குண்டு வெடித்தது.